பேர் சொன்னால் நிறுத்து

சார்டின் சாமி வாயைத் திறப்பதோடு அந்த வீடியோ நின்றுவிடுகிறது. உங்களில் பல பேர் பார்த்திருப்பீர்கள். போனில் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. ஒல்லியான ஒரு மனிதர் ஸ்டூடியோ மேடையில் நின்று, சேற்றில் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்கிறார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. "அப்பத்தான் நான் சொன்னேன்..." என்று கையை உயர்த்தி வாயைத் திறக்கிறார். அவ்வளவுதான். திரை கறுத்துப்போய் நிகழ்ச்சியின் பெயர் வந்துவிடுகிறது. அவர் என்ன சொன்னார் என்று கீழே இன்றும் சண்டை நடக்கிறது. கெட்ட வார்த்தை என்கிறார் ஒருவர். அரசியல் என்கிறார் இன்னொருவர். சென்சார் வெட்டிவிட்டது என்று சத்தியம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

போன மாதம் கவிதா என்று ஒரு பெண் போன் செய்தார். இணையத்துக்காகப் புதிதாக ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி செய்கிறாராம். காட்டுக்குள் போய் எடுக்கப்போகிறார்களாம்.

"அங்கிள், அந்த கிளிப்போட ஃபுல் வெர்ஷன் உங்ககிட்ட இருக்காமே?"

"இல்லம்மா."

"சும்மா சொல்லாதீங்க லா அங்கிள். நீங்கதானே அப்ப ப்ளோர் மேனேஜர்?"

"அதனாலதாம்மா இல்ல."

பாவம், அவருக்குப் புரியவில்லை. போனில் சொல்லி முடிகிற கதையும் இல்லை. ஓய்வு பெற்ற மனிதனுக்கு வேறென்ன வேலை? எழுதுகிறேன்.

நான் கோலாலம்பூர் செந்தூலில் பிறந்தவன். அப்பா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தார். எனக்கு இரும்பு ஒத்துவரவில்லை. கேபிள் இழுக்கிற ஆளாகத் தொலைக்காட்சிக்குள் நுழைந்தேன். செய்தி, சமையல், பக்திப் பாடல், தீபாவளிச் சிறப்பு என்று எல்லாவற்றிலும் கேபிள் இழுத்து, ஒரு வழியாக ப்ளோர் மேனேஜர் ஆனேன். ப்ளோர் மேனேஜர் என்றால் திரையில் யாரும் பார்க்காத ஆள். டைரக்டர் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருப்பார். அவர் சொல்வது என் ஹெட்செட்டில் கேட்கும். அதை நான் கையால் சைகை காட்டி எல்லோருக்கும் சொல்லவேண்டும். கேமரா ஓடும்போது வாயைத் திறக்கக் கூடாது. வீட்டிலும் நான் கையாலேயே பேசுவதாக என் மனைவிக்கு இன்றுவரை மனக்குறை.

அப்படி இருந்தபோதுதான் 'நனைஞ்ச கோழி' வந்தது. நாலு நகைச்சுவை நடிகர்கள், ஒரு தொகுப்பாளர். சனிக்கிழமை அவர்களைக் காட்டுக்கோ ஆற்றங்கரைக்கோ கூட்டிக்கொண்டு போய்விடுவோம். மழையில் நெருப்பு மூட்டு, மூங்கிலில் தெப்பம் கட்டு, ஒரு கத்தியை வைத்துக்கொண்டு குடிசை போடு என்று ஏதாவது ஒரு சோதனை. வார நடுவில் ஸ்டூடியோவில் ரசிகர்கள் முன்னால் அதே நாலு பேரும் மேசை போட்டு உட்கார்ந்து, எடுத்த காட்சிகளைப் பார்த்து ஒருவரை ஒருவர் கிழிப்பார்கள். தோற்றவர் தலையில் ரப்பர் கோழித் தொப்பி. கேட்பதற்குச் சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் அட்டை கடித்த காலோடு மனிதர்களைச் சிரிக்கவைப்பது லேசான வேலை இல்லை.

அந்த நிகழ்ச்சியின் டைரக்டர் சிவகாமி மேடம். பிரிக்பீல்ட்ஸ்காரர், யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா அரசாங்கத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. ரப்பர் பூட்ஸ், பெரிய கறுப்புக் குடை, இஞ்சி டீ நிறைந்த பிளாஸ்க் இந்த மூன்றும் இல்லாமல் காட்டுக்குள் வரமாட்டார். குரலை உயர்த்தி நான் கேட்டதே கிடையாது. யாரையாவது திட்டவேண்டுமென்றால் முதலில், "சாப்பிட்டியா?" என்று கேட்பார். இல்லை என்றால் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுவார். வெறும் வயிற்றில் யாரும் திட்டு வாங்கக் கூடாது என்பது அவர் கொள்கை. அவர் "சாப்பிட்டியா?" என்று கேட்டாலே திட்டு வரப்போகிறது என்று அர்த்தம். சாப்பிட்ட சோறு செரிக்காது.

இன்னொன்று, படப்பிடிப்பில் அவர் சிரிக்கவே மாட்டார். நகைச்சுவை நிகழ்ச்சியின் டைரக்டர் இப்படி உம்மென்று இருக்கிறாரே என்று ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. பிறகு ஒருநாள் எடிட்டிங் அறைப் பக்கமாகப் போனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஆள் தனியாக உட்கார்ந்து இருமல் வருகிற அளவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பையெல்லாம் சேர்த்துவைத்து அங்கே கொண்டுபோய்ச் சிரித்திருக்கிறார்! காட்டில் சிரித்தால் கண் மூடிக்கொள்ளும், கண் மூடினால் ஒரு ஆளைக் கவனிக்க முடியாது என்பார்.

அவர் பயந்தது சும்மா இல்லை. நிகழ்ச்சி தொடங்கிய புதிதில் உலு லங்காட் பக்கம் ஒரு அருவியில் எடுத்தோம். நடிகை மாலா பாறையில் வழுக்கி விழுந்து, "ஐயோ, என் காலு, காப்பாத்துங்க!" என்று கத்தினார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். கேமரா அவர் முகத்துக்குக் கிட்டே போனது. ஏன் சிரித்தோம் என்றால், அன்று காலையிலிருந்து நாலு பேரும் மாறி மாறி அதையேதான் கத்திக்கொண்டிருந்தார்கள். அட்டையைப் பார்த்தால் செத்தேன், எறும்பு கடித்தால் செத்தேன், சோறு வேகவில்லை என்றாலும் செத்தேன். புலி வருது, புலி வருது என்கிற கதைதான். மாலாவின் கணுக்கால் வீங்கி, அவர் நிஜமாகவே அழுகிறார் என்று எங்களுக்குப் புரிவதற்குள் அவர் போதுமான அளவு அழுதுவிட்டார். எலும்பு உடையவில்லை. தலை தப்பியது தம்பிரான் புண்ணியம்.

மறுவாரக் கூட்டத்தில் மேடம் ஒரு கேள்வி கேட்டார்.

"வாழ்க்கையில நீங்க ஜோக்குக்காகச் சொல்லவே மாட்டீங்கங்கிற ஒரு வார்த்தை சொல்லுங்க, பாப்போம்."

ஆளுக்கொன்று சொன்னார்கள். சாமி பெயர் சொன்னார்கள், ஆஸ்பத்திரி என்றார்கள், உதவி கேட்டுக் கத்துகிற தோலோங் என்கிற மலாய்க் கூப்பாட்டைச் சொன்னார்கள். மேடம் எல்லாவற்றுக்கும் தலையாட்டி மறுத்துவிட்டு, தன் கைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதுல இருக்கிற பேரு. முழுப் பேரு. அப்பா பேரோட. ஸ்டேஜ்ல உங்களுக்கு வேற பேரு. வீட்டுல செல்லப் பேரு. இந்தப் பேர எப்பச் சொல்றீங்க? பேங்க்ல, போலீஸ்ல, ஆஸ்பத்திரி கவுண்டர்ல. எவனாவது சிரிச்சிக்கிட்டே சொல்லியிருக்கானா?"

எங்கள் ஐசியில், அதாவது அடையாள அட்டையில், ஆண்களுக்குப் பேருக்கும் அப்பா பேருக்கும் நடுவே ஏ-எல் என்று இருக்கும், பெண்களுக்கு ஏ-பி. மகன், மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கம். இதில் இன்னொரு வசதியும் இருந்தது. எங்கள் தலைமைக் கேமராமேன் ஹாலிம் மலாய்க்காரர். "காப்பாத்துங்க" அவருக்குப் புரியாது. நடுவில் ஏ-எல் வந்தால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இது ஐசிப் பேர் என்று சொல்லிவிடுவார்.

அன்றிலிருந்து அதுதான் சட்டம். முழுப் பேர் காதில் விழுந்த நொடியில் கேமரா நிற்கவேண்டும், லென்ஸ் தரையைப் பார்க்கவேண்டும். நான் இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்காகப் போடவேண்டும். மிஸி தெரேசா மருந்துப் பையோடு ஓடவேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று பத்துப் பேர் கேட்கக் கூடாது. மேடம் ஒருவர்தான் கேட்பார், அதுவும் ஒரே ஒரு வார்த்தை: "எங்க?" எங்கே வலிக்கிறது என்று மட்டும். காட்டில் பேர் சொன்ன ஷாட் செத்த ஷாட். முன்னால் எடுத்த பகுதியும் சேர்த்துத்தான். அதை யாரும் பார்க்கக் கூடாது, அழித்துவிடவேண்டும்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் மைக் மாட்டுவதற்கு முன்னால் எல்லோரும் வரிசையில் நின்று முழுப் பேரைச் சொல்லிப் பார்ப்பார்கள். மஸ்காராவும் குளிர்கண்ணாடியுமாக வருகிற மாலா, "பேச்சியம்மா ஏ-பி கருப்பையா" என்று வெட்கப்பட்டுக்கொண்டே சொல்லுவார். எங்கள் நாலு வாயாடிகளுக்கு அந்தப் பேர் கிடைத்தால் ஒரு வாரத்துக்குத் தீனி. ஆனால் ஒருவர்கூட அதைத் தொட்டதில்லை. எல்லாவற்றையும் கிண்டல் பண்ணலாம், ஐசிப் பேரைப் பண்ணக் கூடாது. அந்த ஒரு விஷயத்தில் அவர்கள் காட்டிய ஒழுங்கை நான் கோயிலில்கூடப் பார்த்ததில்லை.

சார்டின் சாமி எங்களிடம் வந்தது அதற்கு அப்புறம்தான். கிள்ளான்காரன், போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தவன். கோயில் திருவிழா மேடைகளில் பேசிப் பேசி வளர்ந்த வாய். எந்த ஆபத்தில் மாட்டினாலும், "ஐயோ, என்னைய டின்ல அடைக்கிறாங்களே!" என்று கத்துவான், அதனால்தான் டின்னில் அடைத்த மீனின் பேரில் அந்தப் பட்டப்பெயர். நல்ல திறமைசாலி, ஆனால் காட்டில் அவனுக்கு ஒன்றும் அமையவில்லை. மற்றவர்கள் சறுக்கி விழும்போது இவன் பதவிசாக நெருப்பு மூட்டிவிடுவான். நகைச்சுவை நிகழ்ச்சியில் கைதேர்ந்தவனுக்கு என்ன வேலை? சேனலின் தலைவர் ஒருநாள் அவனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: அடுத்த எபிசோடில் சிரிப்பு வரவில்லையென்றால் வேறு ஆளைப் பார்ப்போம். சாமி லோரி வேலையை விட்டுவிட்டு வந்தவன். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அந்த அடுத்த எபிசோடு கிள்ளானைத் தாண்டி, கடலோரச் சதுப்புக் காட்டில். ஆளுக்கு இரண்டு பலகை. ஒன்றின் மேல் நின்று இன்னொன்றை முன்னால் போட்டு, மாற்றி மாற்றிச் சேற்றைக் கடந்து, அந்தப் பக்கம் தொங்குகிற வாளியை எடுத்துவரவேண்டும். பாக் சமாட் என்கிற மீனவர் எங்களுக்கு வழிகாட்டி. தண்ணீர் ஏறத் தொடங்குவதற்குள் கரைக்கு வந்துவிடவேண்டும் என்று காலையிலேயே சொல்லியிருந்தார்.

மற்ற மூன்று பேரும் விழுந்து புரண்டு, சேற்றில் முக்கிய வடை மாதிரி வந்து சேர்ந்தார்கள். சாமி கடைசி. ஒழுங்காக நடந்து பாதி தூரம் போனான். அங்கே நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. அவன் என்ன நினைத்தான் என்று எனக்கு இப்போதும் தெரியும். வேண்டுமென்றே பலகையை விட்டு இறங்கி ஒரு ஆட்டம் போட்டான். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? அது ஓடைக் கரை, அங்கே சேறு ஆழம். ஒரே நொடியில் தொடைவரைக்கும் போய்விட்டான்.

"ஐயோ, என்னைய டின்ல அடைக்கிறாங்களே!"

நாங்கள் சிரித்தோம். சேறு இடுப்புக்கு ஏறியது. அம்மாவைக் கூப்பிட்டான். முருகனைக் கூப்பிட்டான். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன் என்றான், பீர் குடிப்பதை விட்டுவிடுகிறேன் என்றான், பிறகு வெள்ளிக்கிழமை மட்டும் குடித்துக்கொள்கிறேன் என்று பேரம் பேசினான். ஹாலிமுக்கு வார்த்தை புரியாவிட்டாலும் முகத்தைப் பார்த்தே கேமரா குலுங்கியது. அந்த நிகழ்ச்சியில் அப்படியொரு சிரிப்பை நாங்கள் எடுத்ததே இல்லை.

மேடம் மட்டும் சிரிக்கவில்லை. அவர் சாமியின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"முகம் நடிக்கும் தம்பி, கை நடிக்காது," என்று என்னிடம் முன்பே சொல்லியிருக்கிறார். சாமியின் கைகள் பலகையின் ஓரத்தைப் பிடித்திருந்தன. விரல் முட்டியெல்லாம் வெளுத்திருந்தது. மேடம் பாக் சமாட்டைத் தொட்டு, "பலகை," என்றார். குடையை மடக்கினார். அவர் ஒரு கால் சேற்றுப் பலகைமேல் இருந்தபோதுதான் என் ஹெட்செட்டில் சாமியின் குரல் மாறியது. கத்தவில்லை. வங்கி கவுண்டரில் சொல்வது மாதிரி மெதுவாக, தெளிவாகச் சொன்னான்.

"முனியசாமி ஏ-எல் காத்தமுத்து."

"நாமா! நாமா!" என்று ஹாலிம் கத்தினார். பேர் வந்துவிட்டது என்று மலாயில் சொல்கிறார். கேமராக்கள் நின்றன. என் கைகள் தலைக்கு மேலே இருந்தன. எப்போது தூக்கினேன் என்று தெரியவில்லை. அவ்வளவு நேரம் சிரித்த இடத்தில் தண்ணீர் ஏறி வருகிற சத்தம் மட்டும் கேட்டது.

"எங்க, தம்பி?"

"வலது காலு மேடம். வேர்ல மாட்டியிருக்கு. தண்ணி வருது மேடம்."

"வரட்டும். நானும் வரேன்."

பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, பாக் சமாட் அவற்றின் மேல் குப்புறப் படுத்து, கையைச் சேற்றுக்குள் விட்டு அந்தக் காலைத் தேடினார். மேடம் குடையின் வளைந்த பிடியைச் சாமியின் அக்குளுக்குள் கொடுத்து, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இழுக்கவில்லை, இழுத்தால் கால் போய்விடும் என்று பாக் சமாட் சொல்லியிருந்தார். தண்ணீர் சாமியின் நெஞ்சுக்கு வந்தது. மேடம் அவனிடம் கிள்ளானில் எந்தக் கடையில் நல்ல தோசை கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அவனும் பல் தந்தியடிக்கக் கடை கடையாகப் பதில் சொன்னான். கடைசியில் பூட்ஸையும் கால்சட்டையையும் சேற்றுக்கே கொடுத்துவிட்டு வெளியே வந்தான். கரைக்கு வந்ததும் மேடத்தின் குடையைக் கட்டிக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

மிஸி காலைத் துடைத்துக் கட்டுப்போட்டார். மேடம் பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"ஏன்டா இவ்வளவு நேரம் பேர் சொல்லல?"

"சொன்னா ஷாட் போயிடும் மேடம். ஷாட் போனா நான் போயிடுவேன்."

மேடம் கோலாலம்பூர் வரும்வரைக்கும் வேனில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் போட்ட சட்டம்தான் அவனை வாய் திறக்கவிடாமல் செய்திருக்கிறது. அது அவரை எவ்வளவு சுட்டது என்று அருகில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமைக்குள் விஷயம் தலைவர் காதுக்குப் போய்விட்டது. அவரும் கெட்ட மனிதர் இல்லை. நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லி அவருக்கு மேலே இருந்தவர்கள் நெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், பேர் சொன்ன எடத்த வெட்டிடுங்க. அதுக்கு முன்னாடி உள்ளத போடுவோம். நாடே சிரிக்கும். பாருங்க, அவனே போடச் சொல்றான்!"

சாமி அங்கேதான் நொண்டிக்கொண்டு நின்றான். "போடுங்க மேடம். எனக்கு ஒண்ணுமில்ல. சத்தியமா போலே லா, போடலாம். இதுதான் என் சான்ஸு."

மேடம் தலைவரைப் பார்த்தார்.

"பாஸ், சாப்பிட்டீங்களா?"

நானும் ஹாலிமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பாவம், தலைவருக்கு அதன் அர்த்தம் தெரியாது. சாப்பிட்டாச்சே என்றார்.

"அப்ப கேளுங்க. அனுமதி குடுக்க இவன் யாரு? இது இவனோட ஷாட் இல்ல. அடுத்து மாட்டப்போறவனோட ஷாட். பேர் சொன்னா டிவியில வந்துரும்னு தெரிஞ்சா அடுத்தவன் சொல்லுவானா? வெட்கப்பட்டுக்கிட்டு உள்ளேயே போயிடுவான். நேத்தே அழிச்சாச்சு."

தலைவர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மேடம் சாமி பக்கம் திரும்பினார்.

"உன் இடம் போகாது. இனிமே எவன் பேர் சொல்றானோ, நிகழ்ச்சியில அந்த ஷாட்டோட நேரம் அப்படியே அவனுக்குத்தான். படம் கிடையாது. ஸ்டூடியோவுல நின்னு நீயே சொல்லு. கேமரா பாத்தது எனக்கு வேணாம். நீ பாத்தத சொல்லு."

படம் இல்லாமல் வெறும் வாயால் அத்தனை நேரத்தை நிரப்புவது என்றால் சும்மாவா? ஸ்டூடியோ ஒளிப்பதிவு நாள் வந்தபோது சாமியின் முகத்தில் ரத்தமே இல்லை. சிரிப்பு வரவில்லையென்றால் அன்றோடு அவன் கதை முடிந்தது. கிள்ளானிலிருந்து அவன் அம்மாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் வேன் பிடித்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தலைவரும் வந்து பின்னால் நின்றார்.

நான் கையை இறக்கினேன். சாமி மேடைக்கு வந்தான். முதல் இரண்டு வரிக்குச் சத்தமே இல்லை. பிறகு பீர் பேரத்தைச் சொன்னான். அவன் அம்மா, "அடப் பாவி, வெள்ளிக்கிழமைதான்டா கோயிலுக்குப் போற!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டார். அவ்வளவுதான், கூட்டம் உடைந்தது. அதற்கப்புறம் அவனை யாராலும் பிடிக்க முடியவில்லை. சேறாக நடித்தான், வேராக நடித்தான், குடையை மடக்கிக்கொண்டு யானை மாதிரி பலகையில் நடந்து வருகிற மேடமாக நடித்தான். நான் சிரிப்பை அடக்க நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"எல்லாரும் சிரிக்கிறாங்க. எனக்கே சிரிப்பு வருது. சிரிச்சா இன்னும் ரெண்டு இஞ்சு உள்ள போறேன்! அப்பத்தான் நான் சொன்னேன்..."

கையை உயர்த்தினான். மேடையே அதிரச் சொன்னான்.

"முனியசாமி ஏ-எல் காத்தமுத்து!"

அவன் 'முனி' என்பதற்குள்ளேயே ஸ்டூடியோவில் மூன்று கேமராக்களின் சிவப்பு விளக்குகளும் அணைந்துவிட்டன. ஹாலிமின் லென்ஸ் தரையைப் பார்த்தது. என் இரண்டு கையும் தலைக்கு மேலே குறுக்காக நின்றன. மிஸி தெரேசா மருந்துப் பையோடு மேடைக்கு ஓடிவந்து சாமியைப் பிடித்து நாற்காலியில் அழுத்தினார். என் ஹெட்செட்டில், கன்ட்ரோல் ரூமிலிருந்து, பதற்றமே இல்லாத அந்தக் குரல் வந்தது.

"குணா, எங்கயாம்?"

எங்களுக்குக் கை முந்தியது மாதிரி அவருக்கு வாய் முந்திக்கொண்டது! சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்திருக்கவேண்டும். அப்புறம் எடிட்டிங் அறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்ட அந்தச் சிரிப்பு, இருமலோடு, நேராக என் காதுக்குள் வந்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. மிஸி ஓடிவந்ததெல்லாம் ஏற்பாடு என்று நினைத்துவிட்டார்கள். சாமி மிஸியின் தோளில் சாய்ந்து சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. புருஷன் பேரை அத்தனை பேர் நடுவில் மகன் அவ்வளவு சத்தமாகச் சொன்னதில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

தலைவர் தலைதெறிக்க ஓடிவந்தார். "மேடம், ரீடேக்! அந்த ஒரு வரி மட்டும்! கேமராவ நிறுத்த வேணாம்னு சொல்லுங்க!"

மேடம் கன்ட்ரோல் ரூமிலிருந்து இறங்கி வந்திருந்தார்.

"பேர் வந்தாலும் நிறுத்தாதீங்கன்னு நான் ஒரு தடவகூட சொல்ல மாட்டேன் பாஸ். ஒரு தடவ சொன்னா, அடுத்த தடவ சேத்துல இவங்க ஒரு நொடி யோசிப்பாங்க."

தலைவர், "சரி, வாயத் திறக்கிறதோட விட்டுடுங்க," என்றார். அதற்காக அவருக்கும் ஒரு மரியாதை செய்யத்தான் வேண்டும்.

மீதிக் கதை உங்களுக்குத் தெரியும். அந்த எபிசோடு அப்படியே ஒளிபரப்பானது. என்ன சொன்னான், என்ன சொன்னான் என்று கேட்டுச் சேனலுக்குப் போன்மேல் போன். சாமியை அதற்கப்புறம் யாரும் அசைக்க முடியவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு முறை காட்டில் பேர் சொன்னார்கள். இரண்டு முறையும் சீக்கிரமே சொன்னார்கள்.

ஆகவே கவிதாம்மா, ஃபுல் வெர்ஷன் என்று ஒன்று கிடையாது. ஒளித்துவைக்கவில்லை. எடுக்கவே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் ஓய்வு பெற்றபோது பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைக் கடையின் மாடியில் விருந்து வைத்தார்கள். மாலா தொகுத்து வழங்கினார். சாமி என்னைப் போலவே கையாட்டி நடித்துக் காட்டினான். மேடம் முன்வரிசையில், கையில் குடைக்குப் பதிலாக ஊன்றுகோல். கடைசியில் என்னைப் பேசச் சொன்னார்கள். நல்லதாக ஒரு உரை தயார் செய்து வைத்திருந்தேன். காலமெல்லாம் வாயைத் திறக்காமல் வேலை பார்த்தவன் கையில் மைக்கைக் கொடுத்தால் என்ன ஆகும்? எதிரே எல்லோரும் போனைத் தூக்கிப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தையும் வரவில்லை. மேடம் என் முகத்தைப் பார்க்கவில்லை; மைக் பிடித்திருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குணசேகரன் ஏ-எல் வீராசாமி," என்றேன்.

ஹாலிமின் போன் கீழே இறங்கியது. பக்கத்தில் மாலாவின் போன், சாமியின் போன், பழைய ஆட்கள் அத்தனை பேரின் போனும் இறங்கின. புதிதாக வந்த பிள்ளைகள் ஒன்றும் புரியாமல், அவர்களைப் பார்த்துத் தாங்களும் இறக்கினார்கள். மிஸி தெரேசா கைப்பையோடு பாதி எழுந்துவிட்டார்.

மேடம் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து நின்றார்.

"எங்க, தம்பி?"

"சனிக்கிழம, மேடம்," என்றேன். "இனிமே சனிக்கிழமன்னா எங்க போறதுன்னு தெரியல."

அவர் ஊன்றுகோலை மாற்றிப் பிடித்தார்.

"சாப்பிட்டியா?"

முதலில் சிரித்தது ஹாலிம்தான். அப்புறம் நான் வாங்கிய திட்டு என்னவென்று இங்கே எழுதப்போவதில்லை. அதுவும் எந்தப் போனிலும் பதிவாகவில்லை. இப்போது சனிக்கிழமைகளில் காலையில் ரயிலேறிப் பிரிக்பீல்ட்ஸுக்குப் போகிறேன், மேடம் வீட்டுக்கு. சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறேன்.